புது டிரைவைச் சந்தேகிக்கும் முன்

டெஸ்க்டாப் கணினியில் புதிதாக மாட்டிய டிவிடி டிரைவ் வேலை செய்யாவிட்டால், பழி உடனே டிரைவின் தலையில்தான் விழும். கழற்றி, வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு, பில்லோடு கடைக்குப் போவோம். கடைக்காரர் தன் மேசைக் கணினியில் மாட்டிக் காட்டுவார். ஓடும்.

இதில் வியக்க ஒன்றுமில்லை. டிரைவைத் தயாரித்தவர்கள் அதை ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். யாரும் ஓட்டிப் பார்க்காதவை நம் கை செய்த வேலைகள்: மின்சாரக் கேபிள் ஒன்று, தகவல் கேபிள் ஒன்று, நாலு ஸ்க்ரூ, மதர்போர்டில் கைக்கு எட்டிய ஏதோ ஒரு போர்ட். போதாததற்கு, கேபினெட்டுக்குள் கையை விட்டபோது பக்கத்து ஹார்ட் டிஸ்க்கின் கேபிளும் கொஞ்சம் இழுபட்டிருக்கலாம். எனவே விசாரணையில் டிரைவைக் கடைசி ஆளாக நிறுத்துவதே நியாயம்.

இந்தக் காலத்தில் யார் டிவிடி டிரைவ் மாட்டுகிறார்கள் என்று கேட்கலாம். 2000களில் நடந்த கல்யாணங்களின் வீடியோ பெரும்பாலும் தட்டில்தான் கைக்கு வந்தது. குழந்தையின் முதல் பிறந்தநாள், தாத்தாவின் சதாபிஷேகம், கல்லூரி விழா எல்லாமே ஸ்டுடியோக்காரர் கொடுத்த தட்டுகளில் அலமாரியில் கிடக்கின்றன. புது லேப்டாப்பில் தட்டுப் போட வழி கிடையாது. இன்று விற்கும் கேபினெட்டுகள் பலவற்றில் டிரைவை வைக்கும் 5.25 அங்குல அறையே கிடையாது. அதனால் மூலையில் கிடந்த பழைய டெஸ்க்டாப்புக்குத் திடீரென்று மவுசு வருகிறது. சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ ஒரு டிரைவ் வாங்கி மாட்டுகிறார்கள். பிறகு இந்த அத்தியாயம் தேவைப்படுகிறது.

தட்டில் பதிந்தது திரைக்கு வந்து சேர நீண்ட வழி இருக்கிறது. லேசர் ஒளி பட்டுத் திரும்ப வேண்டும். டிரைவுக்குள் இருக்கும் சில்லு அதை எண்களாக்க வேண்டும். கேபிள் சுமக்க வேண்டும், மதர்போர்டு வாங்கிக்கொள்ள வேண்டும், விண்டோஸுக்குப் புரிய வேண்டும், கடைசியில் ஒரு மென்பொருள் படமாகக் காட்ட வேண்டும். எங்கே அறுந்திருக்கிறது என்று ஒரு முனையிலிருந்து வரிசையாகத் தேடினால் பொழுது சாய்ந்துவிடும். வழியின் நடுவில் ஒரு கேள்வியைப் போட்டால், பதில் எதுவானாலும் பாதிச் சந்தேகம் அப்போதே தீரும். டிவிடி டிரைவுக்கு அந்த நடுக்கேள்வி இது: கணினி எழும்போது கருவிகளைக் கண்டறியும் பயாஸ், டிரைவின் பெயரைச் சொல்கிறதா?

அதைக் கேட்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. கணினியை அணைத்து, தகவல் கேபிளை உருவிவிட்டு, மின்சாரக் கேபிளை மட்டும் விட்டுவைத்து மறுபடி இயக்குங்கள். டிரைவின் முகப்பிலுள்ள பொத்தானை அழுத்தினால் ட்ரே வெளியே வர வேண்டும். அந்தப் பொத்தான் டிரைவுக்குள் இருக்கும் சில்லோடு நேராகப் பேசுகிறது. அதற்கு விண்டோஸின் அனுமதி வேண்டாம். ட்ரே அசையவே இல்லை, விளக்கும் மினுக்கவில்லை என்றால் மின்சாரம் போகவில்லை. பழைய நாலு முள் கனெக்டரில் மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு. 5 வோல்ட் சில்லுகளுக்கு, 12 வோல்ட் மோட்டாருக்கு. ஆகையால் விளக்கு எரிந்தும் தட்டு சுழலவில்லை என்றால், மஞ்சள் கம்பியின் முள் கனெக்டருக்குள் பின்வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நாலு முள்ளிலிருந்து புதுவகைச் சாட்டா இணைப்புக்கு மாற்றித் தரும் மலிவான அடாப்டர்களில் இது அடிக்கடி நடக்கும்.

கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து கழற்றி மாட்டும் வகைக் கேபிளாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. டிரைவ் பக்கத்து முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனை அப்படியல்ல. ஒரு கம்பெனியின் கேபிள் இன்னொன்றின் துளையில் அழகாகப் போய் உட்காரும், 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட்டைக் கொண்டுவந்து சேர்க்கும். அதற்குப் பிறகு டிரைவைச் சந்தேகிப்பதில் தவறில்லை.

இப்போது நடுக்கேள்வி. தகவல் கேபிளை மாட்டி, கணினி எழும்போது டெலீட் விசையையோ எப்2வையோ தட்டினால் பயாஸ் திரை வரும். அங்கே ஹார்ட் டிஸ்க்குகளோடு டிவிடி டிரைவின் மாடல் பெயரும் இருக்க வேண்டும். அந்தப் பெயர் மதர்போர்டில் எழுதி வைத்ததல்ல, டிரைவே சொல்வது. கணினி எழுந்தவுடன் ஒவ்வொரு இணைப்பிலும் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறது. டிவிடி டிரைவ் தன் பதிவேடுகள் இரண்டில் 14, ஈபி என்ற பதினாறடிமான எண்களை வைத்துக்கொண்டு நிற்கும். நான் ஹார்ட் டிஸ்க் இல்லை, என்னோடு வேறு மொழியில் பேசு என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு கணினி கேட்க, டிரைவ் தன் பெயரை 40 எழுத்துகளுக்குள் அனுப்புகிறது. பெயர் சரியாக வந்துவிட்டால், மோட்டாருக்கான 12 வோல்ட் தவிர, மின்சாரம், கேபிள், போர்ட், டிரைவின் மூளை எல்லாம் சரி. அவ்வளவையும் ஒரே பார்வையில் தள்ளிவிடலாம்.

பழைய ரிப்பன் கேபிள் காலத்துக் கணினிகளில் இந்தப் பெயர் சில நேரம் உளறலாக வரும். அந்த உளறலே ஒரு துப்பு. அந்தக் கேபிளில் தகவலுக்கு 16 கம்பிகள். பெயர் இரண்டிரண்டு எழுத்தாக வருகிறது, ஓர் எழுத்துக்கு எட்டுக் கம்பி. ஒரே ஒரு கம்பி அறுந்திருந்தால் ஜோடியில் ஓர் எழுத்துதான் கெடும். ஆகவே பெயரில் ஒன்றுவிட்டு ஒன்று தப்பாக வந்தால், கேபிளில் ஒரு கம்பியோ கனெக்டரில் ஒரு முள்ளோ போயிருக்கிறது என்று கழற்றாமலே சொல்லிவிடலாம். வளைந்த முள்ளை மெல்ல நிமிர்த்தியதும் பெயர் திருந்திவிடுவதைப் பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

அந்தக் காலத்து டிரைவுகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே ரிப்பனில் இரண்டு கருவிகள் தொங்கும். எல்லாக் கம்பிகளும் இரண்டுக்கும் பொது என்பதால், யாரை அழைக்கிறோம் என்று காட்ட ஒரே ஒரு பிட் வைத்தார்கள்: சுழியம் என்றால் மாஸ்டர், ஒன்று என்றால் ஸ்லேவ். டிரைவின் பின்புறம் ஜம்பர் என்ற சிறு பிளாஸ்டிக் துண்டைப் பொருத்தி அது யார் என்று சொல்ல வேண்டும். இரண்டையும் மாஸ்டராக விட்டுவிட்டால் ஒரே அழைப்புக்கு இரண்டும் பதில் பேசும். புது டிவிடி டிரைவ் மட்டுமல்ல, நேற்றுவரை ஓடிய ஹார்ட் டிஸ்க்கும் காணாமல் போகும். டிரைவை மாட்டியதும் விண்டோஸே எழவில்லை என்று பதறி வந்தவர்களில் பலருடைய சிக்கல் இந்த அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக்தான். எண்பது கம்பி ரிப்பனில் நீல முனை மதர்போர்டுக்கு, கடைசியில் உள்ள கறுப்பு மாஸ்டருக்கு, நடுவிலுள்ள சாம்பல் ஸ்லேவுக்கு. ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு முதல் முள்ளின் பக்கம்.

2003ல் வந்த சாட்டா இந்தக் கூட்டுக்குடித்தனத்தை ஒழித்தது. ஒரு கருவிக்கு ஒரு கேபிள், ஏழே முள், ஜம்பர் தொல்லை இல்லை. ஆனாலும் சாட்டா டிரைவ் பயாஸில் தெரியாமல் போக ஒரு நூதனமான காரணம் இருக்கிறது. புதிய மதர்போர்டுகளில் எம்.2 என்ற குட்டி எஸ்எஸ்டி துளை உண்டு. பல போர்டுகளில் இந்தத் துளையும் சாட்டா போர்ட்டுகளில் ஒன்றிரண்டும் உள்ளே ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. எம்.2வில் எஸ்எஸ்டி உட்கார்ந்துவிட்டால் அந்தப் போர்ட் செத்ததுபோல் ஆகிவிடும். நம் கைக்கு எளிதாக எட்டுகிற காலிப் போர்ட் எது? பல சமயம் அதுதான். எந்தத் துளை எந்தப் போர்ட்டை முடக்கும் என்பது மதர்போர்டின் கையேட்டில் சின்ன அட்டவணையாக இருக்கும். கையேடு இல்லாவிட்டால் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அரை நிமிட வேலை. பயாஸிலேயே போர்ட்டை அணைத்து வைத்திருக்கும் கணினிகளும் உண்டு, குறிப்பாக அலுவலகங்களிலிருந்து கைமாறி வந்தவை.

பயாஸ் பெயர் சொல்கிறது, ஆனால் விண்டோஸில் டிரைவ் இல்லை. இந்த நிலையில் திருப்புளியைக் கீழே வைத்துவிடலாம். வன்பொருள் தன் வேலையைச் செய்துவிட்டது.

டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் டிரைவின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருக்கும். இருமுறை சொடுக்கினால் பெரும்பாலும் கோட் 39 அல்லது கோட் 19. இதன் பின்னணி சுவையானது. விண்டோஸில் ஒரு மென்பொருள் தட்டைப் படிக்கக் கேட்டால், அந்தக் கேள்வி நேராக டிரைவுக்குப் போவதில்லை. ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிய டிரைவர் நிரல்களைக் கடந்து இறங்குகிறது. நடுவில் தங்கள் ஆளையும் நுழைக்க மற்ற மென்பொருள்களுக்கு விண்டோஸ் இடம் கொடுத்திருக்கிறது. சிடி எழுதும் மென்பொருள்களும் பாட்டுகளை நிர்வகிக்கும் மென்பொருள்களும் அப்படி நுழைந்தன. நுழைந்ததற்கு அடையாளமாக ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு வரிகளில் தங்கள் பெயரை எழுதிவைத்தன. பின்னாளில் மென்பொருளை நீக்கினோம். கோப்பு போயிற்று, பெயர் மட்டும் நின்றது. அடுத்த முறை விண்டோஸ் அந்த ஆளைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, அடுக்கு முழுவதையுமே கட்ட மறுத்துவிடுகிறது.

முக்கியமான சங்கதி இனிமேல்தான். அந்த வரிகள் ஒரு குறிப்பிட்ட டிரைவின் பெயரில் எழுதப்பட்டவையல்ல. சிடி, டிவிடி டிரைவ் என்ற வகைக்கே எழுதப்பட்டவை. அதனால் கணினியில் எத்தனை டிரைவ் இருந்தாலும் அத்தனையும் மறையும். பழைய டிரைவ் திடீரென்று காணாமல் போனது, செத்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதியது வாங்கினார், புதியதும் வரவில்லை என்று ஒருவர் சொன்னால், நான் முதலில் நினைப்பது இந்த வரிகளைத்தான். குப்பைக்குப் போன பழைய டிரைவ் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்திருக்கும்.

தீர்வு எளிது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் கன்ட்ரோல், கிளாஸ் என்ற கிளைக்குள் 4டி36இ965 என்று தொடங்கும் நீண்ட எண்ணுள்ள உறையைக் கண்டுபிடித்து, முதலில் அதை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டு, பிறகு அந்த இரண்டு வரிகளை மட்டும் நீக்கி, கணினியை மறுபடி எழுப்ப வேண்டும். அதே கிளையில் ஏறக்குறைய ஒரேமாதிரி எண்களோடு ஹார்ட் டிஸ்க்குக்கும் விசைப்பலகைக்கும் உறைகள் இருப்பதால், வலப்பக்கம் சிடிராம் என்ற சொல் தெரிகிறதா என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். அங்கே தவறான வரியை நீக்கினால் டிவிடி டிரைவை விடப் பெரிய விஷயங்கள் நின்றுபோகும்.

விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வம்பு. டிரைவ் வருகிறது, படிக்கிறது, ஆனால் படம் விக்கி விக்கி ஓடுகிறது. தட்டைப் படிக்கும்போது பிழைகள் மொத்தம் ஆறு சேர்ந்ததும், எக்ஸ்பி அந்த இணைப்பை வேகமான டிஎம்ஏ முறையிலிருந்து பிஐஓ முறைக்கு இறக்கிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு பைட்டையும் பிராசஸரே சுமக்க வேண்டியிருக்கும். கீறல் விழுந்த ஒரு தட்டை விடாப்பிடியாகப் படிக்க முயன்றதே இந்தத் தண்டனைக்குப் போதும். டிவைஸ் மேனேஜரில் அந்த இணைப்பைக் குறிக்கும் ஐடிஇ சேனலை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி இயக்கினால் பழைய வேகம் திரும்பும்.

டிரைவும் தெரிகிறது, கோளாறும் காட்டவில்லை, ஆனால் தட்டைப் போட்டால் தட்டைப் போடுங்கள் என்கிறது. கடைசி ஆளான டிரைவை இப்போது விசாரிக்கலாம். அதற்கு உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிடியில் தகவல் வரிகள் 1.6 மைக்ரான் இடைவெளியில் சுருளாக ஓடுகின்றன, டிவிடியில் 0.74 மைக்ரான். தலைமுடி ஒன்றின் அகலத்துக்குள் டஜன் கணக்கில் வரிகள் அடங்கும். தட்டு சுழலும்போது அதன் பரப்பு மேலும் கீழும் ஆடும். மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்குவரை ஆட அனுமதியுண்டு. லென்ஸோ, தன் குவியம் தட்டின் தகவல் அடுக்கிலிருந்து ஓரிரு மைக்ரானுக்கு மேல் விலகாமல், கூடவே ஆட வேண்டும். அதை ஒரு காந்தமும் மெல்லிய கம்பிச்சுருளும் தாங்கிப் பிடிக்கின்றன. விலகுகிறது என்பது எப்படித் தெரியும்? திரும்பி வரும் ஒளியை ஓர் உருளை லென்ஸ் வழியாக நாலு பகுதியாகப் பிரித்த ஒளியுணரி மேல் விழச் செய்கிறார்கள். குவியம் சரியாக இருந்தால் ஒளி வட்டமாக விழும். தட்டு அருகே வந்தால் ஒரு மூலைப்பக்கம் நீண்ட முட்டை வடிவம், விலகினால் எதிர் மூலைப்பக்கம். எதிரெதிர் மூலைகளைக் கூட்டிக் கழித்தால் எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்பது மின்னழுத்தமாகவே கிடைத்துவிடுகிறது. இத்தனை சாமர்த்தியமான ஒன்றை எண்ணூறு, ஆயிரம் ரூபாய்க்கு விற்றார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

டிவிடி டிரைவில் லேசர் ஒன்றல்ல, இரண்டு. டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு, சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு. 1990களின் நடுவில் வந்த முதல் டிவிடி டிரைவுகளில் சிவப்பு மட்டுமே இருந்தது. அவை கடையில் விற்கும் அச்சடித்த சிடியைப் படித்தன. வீட்டில் எழுதிய சிடி-ஆர் தட்டைக் கண்டுகொள்ளவேயில்லை. சிடி-ஆரில் பூசிய சாயம் 780ல் ஒளியை விட்டுக்கொடுக்கிறது, 650ல் விழுங்கிவிடுகிறது. இரண்டாவது லேசர் வந்தது அதனால்தான்.

நம் விசாரணைக்கு இது நல்ல கருவி. டிவிடியைப் படித்துச் சிடியைப் படிக்காத டிரைவில், அல்லது சிடியைப் படித்து டிவிடியைப் படிக்காத டிரைவில், கேபிளையும் விண்டோஸையும் குறை சொல்லிப் பயனில்லை. அவை இரண்டுக்கும் பொது. லேசர்களில் ஒன்று தளர்ந்திருக்கிறது. இங்கேதான் டிரைவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பழைய சாமானாக வாங்கியதென்றால் இப்படி வருவது சகஜம். அச்சடித்தவை எல்லாம் ஓடுகின்றன, எழுதியவை மட்டும் ஓடவில்லை என்றால் விஷயம் வேறு. அச்சடித்த சிடி விழும் ஒளியில் முக்கால் பங்கு அளவுக்குத் திருப்பி அனுப்பும். திரும்பத் திரும்ப எழுதும் சிடி-ஆர்டபிள்யூ ஐந்தில் ஒரு பங்குதான். லென்ஸில் லேசாகத் தூசி படிந்தாலும் முதலில் அடிபடுவது இந்த வகை. ஆகவே புது டிரைவைச் சோதிக்க அலமாரியிலிருக்கும் கல்யாணத் தட்டை முதலில் போடாதீர்கள். கடையில் வாங்கிய அச்சடித்த சினிமா டிவிடி ஒன்று, அச்சடித்த பாட்டு சிடி ஒன்று, இரண்டையும் போட்டுப் பார்த்த பிறகு மற்றவை.

கீறல் எல்லாம் ஒன்றல்ல. 1960ல் எர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இருவர் வகுத்த பிழைதிருத்தக் கணக்கு சிடிக்குள் இருக்கிறது. அடுத்தடுத்த பைட்டுகளை அது தட்டில் தள்ளித் தள்ளி எழுதுகிறது. இருக்கிற நகையையெல்லாம் ஒரே பீரோவில் வைக்காமல் நாலு சொந்தக்காரர் வீட்டில் பிரித்து வைப்பதுபோல. ஒரு வரியில் இரண்டரை மில்லிமீட்டர் வரை மொத்தமாக அழிந்தாலும் சிதறி நிற்கும் மற்ற பைட்டுகளிலிருந்து அதை மீட்டுவிடும். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் கீறல் ஒவ்வொரு வரியையும் குறுக்கே மட்டும் வெட்டுவதால் அதற்கு அடங்கிவிடும். வரியோடு சேர்ந்து வட்டமாக ஓடும் கீறல் அடங்காது. தட்டைத் துடைக்கும்போது வட்டமாகத் தேய்க்கக் கூடாது, நடுவிலிருந்து நேராக வெளியே துடைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

கடகடவென்று சத்தம் வந்தால் ஸ்க்ரூவைப் பாருங்கள், பிறகு தட்டின் மேல் ஒட்டிய காகிதத்தை. 48 மடங்கு வேகத்தில் சிடி நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்றுச் சுழலும். ஓரத்தின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். ஸ்டுடியோவில் மணமக்கள் படத்தோடு கோணலாக ஒட்டிக் கொடுத்த ஸ்டிக்கருக்கு இந்த வேகத்தில் பலம் அதிகம். வேகத்தைக் குறைக்கும் மென்பொருள் ஒன்றால் நாலு மடங்குக்கு இறக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கோப்புகள் தெரிகின்றன, படம் மட்டும் ஓடவில்லை என்றால் டிரைவுக்குச் சம்பந்தமில்லை. விண்டோஸ் 8 முதல் மீடியா பிளேயருக்கு டிவிடி படம் ஓட்டத் தெரியாது. விஎல்சி என்ற மென்பொருளைப் போட்டால் போதும். வெளிநாட்டிலிருந்து வந்த தட்டு ஓடாவிட்டால் மண்டல எண் காரணமாக இருக்கலாம். இந்தியாவும் இலங்கையும் 5ஆம் மண்டலம். டிரைவில் இந்த எண்ணை ஐந்து முறை மாற்றலாம், கடைசியாக வைத்ததில் அது நின்றுவிடும்.

இன்னொரு வகைத் தட்டு இருக்கிறது. டிரைவ் அதைக் காலித் தட்டு என்கிறது, ஆனால் அடிப்பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால் எழுதிய பகுதி வேறு நிறமாகத் தெரிகிறது. எழுதியவர் தட்டை முடித்துவைக்காமல் விட்டிருக்கிறார். முடிக்கும்போதுதான் உள்ளோரத்தில் பொருளடக்கம் எழுதப்படும்; படிக்க மட்டும் தெரிந்த டிரைவ் அதைத் தேடி, காணாமல், காலி என்று முடிவுகட்டும். முடிக்காத சிடியில் அந்தப் பட்டியல் தற்காலிகமாக இன்னும் உள்ளே தள்ளி ஒரு சிறு வளையத்தில் இருக்கிறது. அந்த வளையத்தை எட்டிப் பார்க்கத் தெரிந்தவை எழுதும் டிரைவுகள் மட்டுமே. டிவிடி-ஆரிலும் இதே ஏற்பாடு. ஆகவே பழைய தட்டுகளை மீட்கத்தான் டிரைவ் வாங்குகிறீர்கள் என்றால், இனி ஒரு தட்டும் எழுதப்போவதில்லை என்றாலும், டிவிடி ரைட்டரையே கேட்டு வாங்குங்கள்.